கரு என்று சத்தமாகச் சொன்ன நாள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். 'தெய்வானையக்காவுக்குக் கழுகுக் கண்' என்று ஒருவர் மைக்கில் பேசினார். கழுகாவது, காக்கையாவது! கண்ணாடித் துண்டில் தடவிய ஒரு பொட்டுச் சளியைப் பார்த்து, இது புற்று, இது புற்றில்லை என்று பிரித்து வைப்பதுதான் என் வேலை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்ப்பேன். அதைத்தான் எல்லோரும் திறமை என்று நினைத்துக்கொண்டார்கள். அது பயம். எந்த ஊரில், எந்த மத்தியானத்தில் அந்தப் பயம் என்னைப் பிடித்தது என்று இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வைத்தது ஒரு படம். என் பழைய நாற்காலியில் இப்போது உட்காருகிற கவிதா, கஞ்சிக்கோட்டுப் பெண், போன வாரம் அதை என் போனுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு செல். நடுவில் நீலமாக உட்கரு. செல்லின் ஓரத்திலிருந்து பச்சை பச்சையாக நூல்கள் கிளம்பி வந்து அந்த நீலத்தைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கூடவே குரலில் பேசியும் அனுப்பியிருந்தாள். "அக்கா, உட்கரு சும்மா தண்ணிக்குள்ள மெதக்கறதில்லீங்களாமா. செல்லுக்கு எலும்புக்கூடாட்டம் இருக்கற நூலுகளோட அதைக் கட்டி வெச்சிருக்குதுங்களாமா. உட்கருவோட ரெண்டு தோலையும் தாண்டி ஒரு புரதம் கையை நீட்டி நூலைப் புடிச்சுக்குதுங்க. வெளிய இழுத்தா உள்ள கரு நீளுது. உங்க காலத்துல இதெல்லாம் தெரியுமுங்களா?"

புரதத்தின் பெயர் தெரியாது. அது இருப்பதே தெரியாது. ஆனால் வெளியே இழுத்தால் உள்ளே கரு நீளும் என்பது எனக்கு அவள் பிறப்பதற்கு முன்பே தெரியும்.

என் ஊர் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். அங்கே எங்கள் டீச்சர் செல்லைப் படம் போட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டு, உட்கரு என்று எழுதினார். நான் அதைச் சுருக்கி 'கரு' என்று வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு கோயமுத்தூரில் ஒரு வருஷம் லேப் படிப்பு. அங்கே எல்லாம் இங்கிலீஷ். நியூக்ளியஸ் என்று நோட்டில் எழுதினேனே தவிர, அவசரத்தில் வாயில் வந்தது கருதான். படிப்பு முடிந்ததும் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பத்தொன்பது வயது. ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவளை ரத்தம் பார்க்கிற வேலைக்கு அனுப்பிய எங்கள் அப்பனை என்ன சொல்ல!

லேபுக்கு மேலதிகாரி டாக்டர் விசாலம். கல்பாத்திக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சின்ன உருவம். வெள்ளைக் கோட்டின் முழங்கையில் அவரே தைத்த ஒட்டு இருக்கும். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் பயமே. நாம் செய்த ஸ்லைடைப் பார்ப்பார். பிறகு மைக்ராஸ்கோப்பை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையில் துடைப்பார். அதற்கப்புறம்தான் கேள்வி வரும். அந்தத் துடைப்பு முடிகிறவரைக்கும் நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அவருடைய முறைகள் கறாரானவை. கர்ப்பப்பை வாயிலிருந்து மரக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒரே தடவல், ஒரே திசை. போனதும் வந்ததுமாகத் தேய்க்கக் கூடாது. காற்றில் காய்வதற்குள் ஸ்பிரிட்டில் முக்கிவிட வேண்டும். "தோசைக்கல்லுல எண்ணெய் தடவறாப்பல தடவணும், கேட்டயா? அழுத்தப்படாது" என்பார். கடைசியாக ஒன்று, வேறு எந்த லேபிலும் நான் பார்க்காதது. வைரமுனைப் பென்சிலால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு அம்பு கீற வேண்டும். எந்தத் திசையில் தடவினோமோ அந்தத் திசைக்கு அம்பு.

மற்ற லேப்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். 'ஸ்லைடுக்கு ரோடு போடறாங்க' என்பார்கள். எனக்கும் அது ஒரு கிறுக்கு என்றுதான் தோன்றியது. ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"அம்பு எதுக்குங்க டாக்டரம்மா?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்தார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல் நிறத்தில் என்னென்னவோ இழைகள் தெரிந்தன.

"செல்லுங்கறது தண்ணிப் பை, அதுக்குள்ள நியூக்ளியஸ் பந்தாட்டம் மிதக்கறதுன்னு நீ படிச்சிருப்பாய். அப்படி இருந்தா வெளியில இழுக்கறச்சே அது நீளப்படாது, இல்லையோ? ஆனா நீளறது. நான் எத்தனையோ பாத்தாச்சு. தெய்வானை, நீ பலாப்பழத்தைக் குலுக்கிப் பாத்திருக்கயா?"

"பாத்திருக்கேனுங்க."

"கொட்டை குலுங்கறதோ?"

"இல்லீங்க."

"கொப்பரை குலுங்கும். பலா குலுங்காது. சுளையைச் சுத்திச் சடை சடையா நார். அந்த நார் தோல் வரைக்கும் போறது. தோலைப் பிடிச்சு இழுத்தா சுளையும் கூட வரும். இங்கேயும் அப்படித்தான் ஏதோ இருக்கு. எப்படிக் கட்டியிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலை. கட்டியிருக்குங்கறது மட்டும் நேக்கு நிச்சயம்."

அதனால்தான் அம்பு. நாம் அழுத்தித் தடவினால் செல் இழுபடும். கருவும் இழுபட்டு நீளும், பெரிதாகத் தெரியும். புற்றின் கருவும் பெரிதாக, கோணலாகத்தான் இருக்கும். பார்க்கிற கண் ஏமாந்துவிடும். ஆனால் நம் கை இழுத்தது என்றால் எல்லாம் அம்பு போன பக்கமே படுத்திருக்கும். புற்று யார் கைக்கும் கட்டுப்படாது. அது பாட்டுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக் கிடக்கும்.

இன்னொன்றையும் அவர் எனக்கு அடிக்கடி சொல்வார். "கருன்னு சொல்லாதே, நியூக்ளியஸ்னு சொல்லு. வெளியில பொம்மனாட்டிகள் உக்காந்துண்டிருக்கா. என்னமோ ஏதோன்னு நினைச்சுப்பா." நான் 'சரிங்க' என்பேன். மறுபடி கரு என்பேன். ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தைய கார்த்திகை மாசம். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பெண்களுக்கு முகாம் போட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பொள்ளாச்சி, உடுமலை வழியாக ஜீப்பில் போனோம். வழி நெடுக என் மடியில் ஸ்பிரிட் ஜாடி. தமிழ்நாட்டில் மறுபடி மதுவிலக்கு வந்திருந்த சமயம். ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் போலீஸ்காரர் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பர்மிட் காகிதத்தை நீட்டும்போது திருதிருவென்று முழிப்பேன். அந்த முழியைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும். "நீ என்னத்துக்குத் திருடியாட்டம் முழிக்கறாய்?" என்று டாக்டரம்மா கேட்டார். மறையூர் தாண்டியதிலிருந்து காந்தலூர்ப் பூண்டு ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். அந்த வாசனையில் எனக்குக் குமட்டல் வேறு.

எஸ்டேட் மருந்தகத்தில் இரண்டே அறை. கம்பளியைத் தொங்கவிட்டுப் பின்னறையை மறைத்துக்கொண்டோம். முன்னறையில் ஜன்னல் ஓரமாக மைக்ராஸ்கோப். கரண்ட் இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் கீழே இருக்கும் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வெயில் வர ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வராந்தா. வராந்தா நிறையக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள், நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்லைடைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார்க்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாம மலை இறங்கியாச்சுன்னா இவாளை மறுபடி யார் வந்து தேடுவா? பாத்துச் சொல்லிட்டுத்தான் போகணும்."

முத்துப்பேச்சியை அழைத்து வந்தது அவள் பக்கத்து வீட்டுக்காரி சண்முகத்தாய். முத்துப்பேச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் மரம் விழுந்து இறந்து மூன்று வருஷம். நாலு மாசமாக நாள் தவறி நாள் தவறி உதிரப்போக்கு. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமலே இருந்திருக்கிறாள். பின்னறையில் படுக்க வைத்ததும் அவளுக்கு உடம்பு உதறியது. என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. கரண்டியில் ரத்தம் வந்தது. எனக்குக் கண் இருட்டியது. குளிரில் விரல்கள் ஏற்கெனவே மரத்துப் போயிருந்தன. ஒரு கையால் கண்ணாடியில் தடவினேன். மரம் கண்ணாடியில் கீச்சென்று உரசிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அவசரமாக ஸ்பிரிட்டில் போட்டேன். "ஆச்சுங்க, எந்திரிங்க" என்று அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். அம்பு கீறவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, சாயம் ஏற்றிய அந்த ஸ்லைடை ஜன்னலோரம் வைத்துக் குனிந்தேன். பெரிய பெரிய கரு. நீளம் நீளமாக, கறுப்பாக. அவ்வளவு நாளில் நான் பார்த்த புற்றெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா பின்னறையில் வேறொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் காதில் சொல்லியிருக்கலாம். பயம் வந்தால் எனக்குக் கால் ஓடாது, வாய்தான் ஓடும்.

"டாக்டரம்மா! முத்துப்பேச்சிக்குக் கரு பெருசா இருக்குதுங்க! நல்லா வளந்திருக்குதுங்க! சீக்கிரம் வாங்க!"

ஜன்னல் திறந்திருந்தது.

டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். ஸ்லைடை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பைத் தள்ளினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"எல்லாம் ஒரே பக்கமாப் படுத்திருக்கே. அம்பு எங்கே?"

"அது... தொடைச்சுப் பாக்கறேனுங்க" என்று ஸ்லைடைக் கையில் வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பென்சில் என் கோட்டுப் பையில் இருந்தது. அவர் பார்வையில் என் முதுகு மட்டும்தான். கரு படுத்திருக்கும் பக்கமே ஒரு கோடு கீறினால் போதும். 'இழுபட்டது, புற்றில்லை' என்று எழுதி ஒதுக்கிவிடுவார். முத்துப்பேச்சி வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்கும் திட்டு மிச்சம். பென்சிலை எடுத்துவிட்டேன், முனையைக் கண்ணாடியில் வைத்தும் விட்டேன். எந்தப் பக்கம் தடவினேன் என்று உண்மையில் எனக்கு நினைவே இல்லை. நான் கீறுவது பொய்யாக இருந்து, அதற்கு அடியில் நிஜமான புற்று ஒளிந்திருந்தால்? கையை எடுத்துவிட்டேன், நான் யோக்கியமானவள் என்பதால் அல்ல. ஒரு பயத்தை இன்னொரு பெரிய பயம் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"போடலீங்க" என்றேன். "அழுத்தித் தேச்சுட்டேனுங்க. தப்புத்தானுங்க."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. "இன்னொரு தரம் எடுக்கணும். அவளைக் கூப்பிடு" என்றார்.

வராந்தாவுக்குப் போனேன். பேச்சு சட்டென்று நின்றது. அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள். முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் படங்குச் சாக்கு மட்டும் கிடந்தது.

"அவங்க எங்கீங்க?"

சண்முகத்தாய்தான் எழுந்து வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"போயிட்டா. ஓடிட்டா. நீங்கதான தாயி சத்தம் போட்டுச் சொன்னீய, கரு பெருசாயிருக்கு, நல்லா வளந்திருக்குன்னு? தாலிய அறுத்து மறுபடி கெட்டினவ இல்ல அவ. புருசன் செத்து மூணு வருசமாச்சு. அவளுக்குக் கரு எங்கிருந்து வரும்? இங்க இருந்த அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு."

ஒரு கணம் எனக்கு அவள் சொல்வதே புரியவில்லை. கரு என்றால் என்ன என்று என் வீட்டில் என் அம்மாவிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியாதா? தெரியும். நான் படித்த நாலு எழுத்தில் மறந்து போயிருந்தது.

"அவ வீட்டுல கொழுந்துக்கு அடிக்கிற மருந்துத் தகரம் கெடக்கு, தாயி" என்றாள் சண்முகத்தாய் மெல்ல.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மருந்தகத்திலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் கீழே அரைக் கல் தூரம். பனிமூட்டமாக மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் சரிவு. சண்முகத்தாய் முன்னால் ஓட, நான் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் சரிவுக்குக் கீழே ஏதாவது சேலைத் துணி தெரிகிறதா என்று பார்த்தேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். மாரியாத்தா, மாரியாத்தா என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

லயத்தில் எட்டு வீடு ஒரே கூரையின் கீழே. அவள் வீடு ஐந்தாவது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஏ பேச்சி! கதவத் தொறடி! ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று சண்முகத்தாய் கதவை இடித்தாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். கங்காணியும் வந்துவிட்டார். கதவை உடைக்கலாமா என்று பேசினார்கள். அப்போது உள்ளே ஒரு தகரம் சிமெண்டுத் தரையில் நகரும் சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நாந்தானுங்க, லேபுக்காரி. கதவத் தொறக்க வேண்டாமுங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. உங்க வயித்துல புள்ளை இல்லீங்க."

கதவுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தேன்.

"கருன்னா புள்ளையில்லீங்க. நம்ம உடம்பு பூராவுமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணியாட்டம் இருக்குமுங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புள்ளி இருக்குமுங்க. எங்க பள்ளிக்கோடத்துப் புஸ்தகத்துல அந்தப் புள்ளிக்குக் கருன்னு பேரு வெச்சிருக்கறானுங்க. எவன் வெச்சானோ தெரியலீங்க. உங்க கையில இருக்குதுங்க, என்ற கையிலயும் இருக்குதுங்க. சண்முகத்தாயக்காவுக்கு இருக்குதுங்க. இங்க நிக்கற கங்காணி ஐயாவுக்கும் லச்சக்கணக்குல கரு இருக்குதுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணி, "என்ன பேச்சு பேசுது இந்தப் பொம்பளை" என்று முனகினார். நான் விடவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மிகவும் கிட்டத்தில், தரையோடு.

"அப்பம் வளந்திருக்குன்னு எதுக்குச் சொன்ன?"

"வளரலீங்க. நாந்தான் இழுத்துட்டேனுங்க."

"என்னத்த இழுத்த?"

டாக்டரம்மாவின் பலாப்பழம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "பலாப்பழம் பாத்திருக்கறீங்கல்ல? குலுக்குனாக் கொட்டை ஆடாதுங்க. சுத்தியும் நாரு புடிச்சிருக்குமுங்க. தோலைப் புடிச்சு இழுத்தாச் சுளையும் கூட வந்துருமுங்க. உங்க உடம்புல இருக்கற மணியும் அப்பிடித்தானுங்க. நான் பயந்துட்டுக் கண்ணாடியில அழுத்தித் தேச்சுப்போட்டேன். மேல இழுத்ததும் உள்ள இருக்கற புள்ளியும் நீண்டு போச்சுங்க. அதைப் பாத்துப்போட்டு நானே பயந்து கத்தினேனுங்க. தப்பு எம்மேலதானுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"மிசினு அப்பிடிச் சொல்லலியா?"

"மிசினு ஒண்ணும் சொல்லாதுங்க. நாந்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

தாழ் விலகியது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகரம் மூடியபடியே அவள் காலடியில் இருந்தது. சண்முகத்தாய் அதைப் பாய்ந்து எடுத்து வெளியே விட்டெறிந்தாள். அப்புறம் முத்துப்பேச்சியின் கன்னத்தில் ஒரு அறை அறைந்து, கட்டிக்கொண்டு அழுதாள்.

அவளை மறுபடி மருந்தகத்துக்குக் கூட்டி வந்தோம். இரண்டாவது தடவை எடுக்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. "அழுத்தாம எடு" என்றாள். ஒரே தடவல், ஒரே திசை. ஸ்பிரிட்டில் போடும் முன் அம்பு கீறினேன். அன்று கீறிய அளவுக்கு ஆழமாக வேறு என்றைக்கும் கீறியதில்லை.

சாயம் ஏறி முடிவதற்குள் மஞ்சு ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சாம்பல் வெளிச்சம்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். உருண்டை உருண்டையாக, அடக்கமான கருக்கள். நீண்டது ஒன்றுமில்லை. எனக்குச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. முழுசும் பார்த்துவிட வேண்டும் என்று ஓரம் வரைக்கும் நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு கூட்டமாக இருந்தன. பெரிதாக, கறுப்பாக, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அம்பை அவை மதிக்கவே இல்லை.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. எழுந்து போய் டாக்டரம்மா காதில் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். பிறகு முதல் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தார். இழுபட்டவற்றுக்கு நடுவே அதிலும் அவை இருந்தன. நான் மட்டும் அந்தப் பொய் அம்பைக் கீறியிருந்தால், அந்த ஸ்லைடோடு முத்துப்பேச்சியையும் ஒதுக்கி வைத்திருப்போம்.

அவள் பிழைத்தாள். கோட்டயத்தில் சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, ஆரம்பம்தான் என்று ஆபரேஷன் செய்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் கொழுந்து கிள்ளியிருக்கிறாள். கரு என்ற சொல்லை நான் அப்புறம் லேபில் எடுத்ததே இல்லை. புள்ளி என்பேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள். கவிதாவுக்கும் இப்படித்தான் பதில் எழுதப் போகிறேன்: தெரியும் அம்மிணி, புள்ளியை நூல் பிடித்திருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. அந்தச் சாயங்காலம் மலை இறங்குவதற்கு முந்தின பத்து நிமிஷம்.

டாக்டரம்மா முத்துப்பேச்சியை உள்ளே கூப்பிட்டார். முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வராந்தாவில் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்படாதே, கொழந்தே" என்றார் டாக்டரம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கர்ப்பப்பை வாயில புத்து இருக்குன்னு தோணறது. ஆரம்பம்தான். கோட்டயம் போகணும். சரியாகிடும்."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் விழுந்துவிடுவாள் என்று பிடிக்கத் தயாராக இருந்தேன்.

"புத்தா?" என்றாள்.

"ஆமாம்."

"அப்பம் பிள்ளை இல்லேல்ல?"

"இல்லை. நிச்சயமா இல்லை."

அவள் உடம்பு தளர்ந்தது. விழவில்லை. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அதற்கு முன்னும் பின்னும், புற்று என்று கேட்ட எந்த முகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. நேராக ஜன்னலிடம் போனாள். கொக்கியை எடுத்து இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இத நீயே சொல்லு, தாயி" என்றாள். "அப்ப கத்தினியே, அதே சத்தத்துல சொல்லு. வெளிய இருக்கவளுவ எல்லாருக்கும் கேக்கட்டும்."